பெட்டியடியும் பேரேடும்
இணைந்த நிறுவனங்களின் அமைப்புப் பற்றிய ஒரு திறனாய்வு

சில திங்களுக்கு முன், ஆயர் ஈத்தாமில் ஒரு நண்பர் இல்லத்தில் தமிழாசிரியர் சிலர் கூடிக் கலைச்சொற்களைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தோம். மேலாண்மைத் துறை நூல் ஒன்றைத் தமிழில் தர முற்பட்டிருந்த இளைஞர் ஒருவர், ஆங்கிலத்தார் ‘எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்’ என்று வழங்கும் தொடருக்குத் தாம் ‘நிறுவனக் கட்டடக்கலை’ என்று எழுதியிருப்பதாகக் கூறி, அது பொருந்துமா என வினவினார். அவையில் இருந்தோர் சொல்லின் புணர்ச்சியையும் ஓசையையும் ஆராய்ந்தனர். எனக்கோ, சொல்லுக்கு முன் பொருளை ஆராயவேண்டும் என்று தோன்றிற்று.

பொருள் இதுதான். பெரியதொரு நிறுவனத்தில் அலுவல்கள் பல, அலுவலர் பலர், கணக்குகள், செய்திகள், கருவிகள் பல. இவை ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்தி நிற்கின்றன என்பதனை ஒரே வரைபடத்தில் காட்டி, அவ்வரைபடத்தைக் கொண்டு நிறுவனத்தை ஆளுதல் இத்துறையின் நோக்கம். 1987ஆம் ஆண்டில் ஜான் ஸாக்மன் என்பார் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை இதற்கு அடிப்படையிட்டது என்பர். வீடு கட்டுவோனுக்கு உரிய படம் ஒன்று, அதனை வகுப்போனுக்கு உரிய படம் வேறு, கொத்தனுக்கு உரிய படம் வேறு. நிறுவனத்திற்கும் அவ்வாறே என்பது அவர் காட்டிய ஒப்புமை. நல்ல ஒப்புமைதான். ஆயின் அது வீட்டிற்கு உடையவன் ஒருவன் உளன் என்பதனை வாய்திறவாமலே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. பத்து நிறுவனங்கள் ஒன்றை ஒன்று நம்பி வாழ்கின்றன, அவற்றின்மேல் ஆணை செலுத்துவார் எவரும் இலர் என்னும் நிலையில், வரைபடத்தை யார் வரைவது? வரைந்ததை யார் ஏற்பது? இன்று அறிஞர்கள் இடர்ப்படுவது இவ்விடத்தில்தான்.

நாங்கள் அமர்ந்திருந்த தாழ்வாரத்திலிருந்து கெக் லோக் சீ கோயிலின் அடுக்குத் தூபி தெரிந்தது. 1930இல் நிறைவுற்ற அத்தூபியின் அடித்தளம் சீனர் முறை. இடைப்பகுதி சயாமியர் முறை. முடி பர்மியர் முறை. “இணைந்த அமைப்புக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?” என்றார் நண்பர் ஒருவர். நான் உடன்படவில்லை. ஒருமுறை வைத்த கல் வைத்த இடத்திலேயே இருக்கும். அது மேலுள்ள கல்லுக்குக் கடிதம் எழுதுவதில்லை. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பதும் இல்லை. நாம் தேடும் சான்று மலையடிவாரத்தில் இல்லை, நகரத்துள் இருக்கிறது என்றேன். பினாங்கு வீதியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளையே குறித்தேன். அன்று வாய்மொழியாகச் சொன்னதை இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன்.

நகரத்தார் தொழிலைப் பற்றிப் பேசுவோரிடம் ஒரு பிழையான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அவர்கள் அனைவரும் ஒரே பெருங்கூட்டு என்றும், கடல் கடந்த கடைகள் யாவும் அதன் கிளைகள் என்றும் கருதுவாரே மிகுதி. உண்மை அஃதன்று. ஒவ்வொரு கடையும் தனித்தனி விலாசம் உடையது. முதலாளியின் பெயரெழுத்தும் அவர் தந்தை, பாட்டன் பெயரெழுத்தும் சேர்ந்து, ஆனா, மூனா, ரூனா என வாயால் ஒலித்து வழங்கும் அவ்விலாசமே கடையின் பெயர். கிட்டங்கி என்னும் நீண்ட கூடத்தில் பல விலாசங்கள் அருகருகே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ஒரு கைமேசை, ஒரு பாய்க்குரிய இடம். அடுத்த பாயில் இருப்பவர் உறவினராக இருக்கலாம். ஒரே கோயிற் பிரிவினராக இருக்கலாம். தொழிலில் அவர் போட்டியாளரே. இளையாற்றங்குடி முதலான ஒன்பது கோயில்களைக் கொண்டு தம்மைப் பகுத்துக்கொண்ட இச்சமூகத்தில், திருமண உறவையும் தொழில் நம்பிக்கையையும் எவ்வளவுதான் பின்னியிருந்தாலும், ஒருவர் பெட்டியில் மற்றொருவர் கைவைத்தல் இயலாது.

அங்ஙனமாயின் அவற்றை இணைத்தது எது?

சாதிப்பற்று என்பார் சிலர். தெய்வபக்தி என்பார் சிலர். இரண்டும் உண்மையே, ஆயினும் இரண்டும் போதா. ஒரே சாதியாரும் ஒரே தெய்வத்தை வணங்குவோரும் வழக்கு மன்றத்தில் எதிரெதிரே நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். இணைத்தது, எழுதும் முறையின் ஒருமை என்பது என் கருத்து. பினாங்கில் வைத்த சிட்டையும் இரங்கூனில் வைத்த சிட்டையும் சைகோனில் வைத்த சிட்டையும் ஒரே முறையின. குறிப்பிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றும் வழி ஒன்றே. ஆண்டுகளும் மாதங்களும் தமிழாண்டு, தமிழ் மாதங்கள். வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, இலாபம், நட்டம் அனைத்தையும் ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் ஐந்தொகை எங்கும் ஒரே வடிவினது. ஒரு கடையில் பழகிய பையன் கடல் கடந்து வேறொரு விலாசத்துக் கடையில் அமர்ந்தால், மறுநாளே பேரேட்டைப் புரட்ட அவனால் முடியும். ஆணையிடும் தலைமை இல்லாத இடத்தில் இவ்வொருமை தலைமையின் வேலையைச் செய்தது.

முகவர் மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். கடல் கடந்த கடையை நடத்துபவர் பெரும்பாலும் முதலாளி அல்லர். சம்பளத்திற்கு வந்த மேலாள். அவருக்குக் கீழ் அடுத்தாள். அவர்க்கும் கீழ், கடையைப் பெருக்கிப் பெட்டியருகே அமர்ந்து தொழில் பழகும் பெட்டியடிப் பையன். மேலாளுக்கு வழக்கமான கணக்கு மூன்றாண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னதாகவே குடும்பத்திற்குக் கொடுத்துவிடுவர். குடும்பம் செட்டிநாட்டிலேயே இருக்கும். மூன்றாண்டு முடிந்ததும் புதியவர் வந்து, பழையவர் கொடுத்த கடன் ஒவ்வொன்றையும் பார்த்து, தேறுவது இது, தேறாதது இது என்று பிரித்து ஏற்றுக்கொள்வார். ஏற்றுக்கொண்டபின் அவை அவர் பொறுப்பு. ஊருக்குத் திரும்பிய பழையவரின் நற்பெயர் அவ்வைந்தொகையைப் பொறுத்தது. அடுத்த வேலைக்கும், மக்களின் திருமணத்திற்குங்கூட அதுவே சான்று.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இன்றைய பெரு நிறுவனங்களை வருத்தும் நோய்களுள் தலையாயது, ஒருவர் பணியிலிருந்து விலகும்போது அவர் அறிவும் உடன் விலகிவிடுதல். வரைபடம் அலமாரியில் இருக்கும். வேலை நடப்பது வேறு வகையாக இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அறிந்தவர் ஓய்வுபெற்று ஊர் சென்றிருப்பார். நகரத்தார் முறையில் மூன்றாண்டுக்கு ஒருமுறை அவ்விடைவெளியைக் கட்டாயமாக அளந்தனர். அளப்பவர் ஏமாந்தால் இழப்பு அவருடையது. ஆதலின் ஏமாறாமல் அளந்தனர். மூன்றாண்டு என்னும் காலவரை குடும்பத்தை விட்டுப் பிரிந்திருப்போர்க்கு இரங்கி ஏற்பட்டதென்று மட்டும் கொள்ளுதல் தவறு. கணக்கைப் பிறர் கண்கொண்டு பார்க்கவைக்கும் ஏற்பாடும் அதுவே.

விலாசங்களுக்கு இடையே பணம் ஓடும் வழிகளும் இவ்வாறே பொதுவில் அமைந்தவை. கேட்டவுடன் கொடுக்கவேண்டிய தர்சனி உண்டியல். தவணைக்கு வைக்கும் பணம். சிறு கடைகள் சார்ந்து நிற்கும் அடத்திக் கடை. செட்டிக்குச் செட்டி கொடுத்துவாங்கும் நடப்பு வட்டி. இரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் கூடி மாதந்தோறும் அவ்வட்டியை வகுத்தனர். எல்லா விலாசங்களும் ஒப்புக்கொண்ட ஓர் எண் அது. அவ்வெண்ணை மீறினால் தண்டனை என்று சட்டம் ஏதும் இல்லை. மீறியவனுக்கு மறுமாதம் கடன் கிடைப்பது அரிதாகும். அவ்வளவே. கோயிலுக்கென்று ஒவ்வொரு வரவிலும் ஒதுக்கிய மகமை, கூட்டத்திற்கு இடமும் செலவுக்குப் பொருளும் தந்தது. யார் செலவில் பொதுக்காரியம் நடப்பது என்று இன்றைய இணைந்த நிறுவனங்கள் தீராமல் வழக்கிட்டுக்கொண்டிருக்கும் வினாவுக்கு மகமையைப் போன்ற எளிய விடை வேறொன்றை நான் கண்டதில்லை.

இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் விரிவாக ஆராய்ந்தவருள் டேவிட் ரட்னர் குறிப்பிடத்தக்கவர். குடியேற்ற ஆட்சிக்கால இந்தியாவில் சாதியும் முதலாளியமும் பற்றி அவர் எழுதி 1994இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூல், 17ஆம் நூற்றாண்டுப் பழனியில் நகரத்தார் கொண்ட தொடர்பு முதற்கொண்டு பேசுகிறது. வணிகம் வேறு, வழிபாடு வேறு, உறவுமுறை வேறு என்று பகுத்து நோக்கிய பழைய ஆய்வாளர்களை அவர் மறுத்து, மூன்றும் ஒரே ஏற்பாட்டின் கூறுகள் என்று நிறுவினார். இது பெரும் பணி, ஐயமில்லை. தனிமனிதரின் சிக்கனமே முதலாளியத்தின் வேர் என்று மேலையோர் சொல்லிவந்த கதைக்கு நம் செட்டிநாட்டிலிருந்து எழுந்த மறுமொழி என்றே அதனைக் கொள்ளலாம்.

ஆயினும் எனக்கு ஒரு குறை. இணைப்பு எவ்வாறு வலிமையாயிற்று என்று கூறுமிடத்து அந்நூலுக்கு உள்ள விரிவு, இணைப்பே எவ்வாறு சுமையாயிற்று என்று கூறுமிடத்து இல்லை. நம்பிக்கையை அவர் மிக நன்றாக விளக்கிவிடுகிறார். அவ்வளவு நன்றாக விளக்கப்பட்ட ஒன்று எப்படிச் சரிந்தது என்பது பின்னர்ப் புரியாமற் போகிறது. சரிவுக்குப் புறக்காரணங்கள் உண்டு. உலகப் பொருளாதார வீழ்ச்சியும் போரும் சட்டங்களும் எல்லாரும் அறிந்தவை. ஆனால் புறத்திலிருந்து வந்த அடியை ஓர் அமைப்பு எப்படி வாங்குகிறது என்பது அவ்வமைப்பின் இயல்பைப் பொறுத்தது. வீட்டைப் புயல் சாய்த்தது என்று சொல்லிவிட்டால் போதுமா? எந்தத் தூண் முதலில் முறிந்தது என்று பார்க்கவேண்டாவா?

பர்மாவைப் பார்ப்போம், எண்கள் அங்கேதான் தெளிவாகக் கிடைக்கின்றன. 1929-30இல் அந்நாட்டில் அமைந்த வங்கி விசாரணைக் குழுவின் காலத்தில் நகரத்தார் கடைகள் 1,600க்கு மேல்; அவர்கள் ஈடுபடுத்தியிருந்த பொருள் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. எட்டாண்டுக்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. நிலத்தின்மேல் ஆசைகொண்டு இதைச் செய்தனர் என்று அந்நாளில் தூற்றியோர் பலர். வட்டிக்கடைக்கு நிலம் வேண்டுவதில்லை. ஓடுகின்ற பணமே வேண்டும். நெல் விலை வீழ்ந்தது, உழவனால் கொடுக்க முடியவில்லை, அடைமானம் மூழ்கிற்று. ஒரு விலாசம் தன் கடனைக் காக்க நிலத்தை எடுத்துக்கொண்டது. அதே மாதத்தில் ஆயிரம் விலாசங்கள் அதையே செய்தன. எழுதும் முறை ஒன்றாக இருந்ததுபோல எண்ணும் முறையும் ஒன்றாகவே இருந்தது. ஒவ்வொருவரும் தனித்து நோக்கில் அறிவுடைய செயலையே செய்தனர். எல்லாரும் சேர்ந்து செய்ததனால் பகையும் விற்கமுடியாத வயலும் மிஞ்சின. “இம்முறை எடுக்கவேண்டா, பொறுப்போம்” என்று அனைவர் சார்பிலும் முடிவெடுக்கும் இடம் ஒன்று அமையவில்லை. மொகல் தெருக் கூட்டம் வட்டியை வகுக்கலாம். கடனைப் பொறுக்குமாறு கட்டளையிட முடியாது. முறிந்த தூண் அதுவே என்பேன்.

மலாயாவிலும் இதன் சாயல் உண்டு. 1913இல் கூட்டரசு மலாய் நாடுகளில் வந்த மலாய் ஒதுக்கீட்டு நிலச்சட்டமும், 1933இல் அதில் செய்த திருத்தமும், அந்நிலங்களை அடைமானமாகப் பெறும் வழியை அடைத்தன. பினாங்கு நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்தது. அச்சட்டம் இங்கு இல்லை. ஆனால் பினாங்குக் கடைகளின் கடன் பேராக்கிலும் பரவியிருந்தது. பேரேடு ஒன்று, சட்டம் இரண்டு. நாணயமோ பல. 1906 முதல் நீரிணை வெள்ளிக்கு இரண்டு சில்லிங் நான்கு பென்ஸ் என்று விலை நிலைத்தது. ரூபாய்க்கோ 1927இல் ஒரு சில்லிங் ஆறு பென்ஸ். சைகோனில் பியாஸ்தர், மேடானில் கில்டர். ஊரிலுள்ள முதலாளிக்கு இவை அனைத்தும் ஐந்தொகையில் ஒரே வரிசையில் வந்து நிற்கவேண்டும். அந்த வரிசை எவ்வளவு திறமையாலும் உழைப்பாலும் எழுதப்பட்டது என்பதை எண்ணும்போது வியப்பே தோன்றுகிறது. அந்த வரிசையின் நேர்த்தி அடியிலுள்ள நிலங்களின் வேறுபாட்டை மறைத்தும் இருக்கலாம் என்பது என் ஐயம்.

இதற்கு மாற்று ஒன்று முயலப்பட்டது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் நாள் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடியிலும் சென்னையிலும் இரங்கூனிலும் ஒரே நாளில் கதவு திறந்தது; அடுத்துப் பினாங்கிலும் கிளை கண்டது. பல விலாசங்கள் வாய்மொழி நம்பிக்கையில் செய்ததை ஒரு விலாசம் சாசனத்தின்கீழ்ச் செய்வது அதன் கருத்து. இப்போது உடையவன் உண்டு, வரைபடம் உண்டு, ஆணையும் உண்டு. 1969இல் இந்திய அரசு அதனை நாட்டுடைமையாக்கிற்று. அயல் அரசுக்கு உரிய வங்கி மலேசியாவில் இயங்கலாகாது என்ற சட்டத்தால், அதன் இந்நாட்டுக் கிளைகள் வேறு இரண்டு இந்திய வங்கிகளின் கிளைகளோடு சேர்ந்து 1973இல் யுனைட்டெட் ஏஷியன் வங்கியாயின. பின்னர் அதுவும் வேறொன்றில் கலந்தது. தலைமை உள்ள அமைப்பு, தலைமைக்கு நேர்வது கிளைக்கும் நேரும் என்ற விதிக்கு உட்பட்டது. கிட்டங்கியின் பாய்களுக்கு அவ்விதி இல்லை. எது சிறந்தது என்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. ஒன்றன் நோய்க்கு மற்றொன்று மருந்து என்று எளிதாகச் சொல்லிவிடுவோரை மட்டும் மறுக்கிறேன்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். தமிழாசிரியர்க்கு இது சொந்த நிலம்.

வட்டிக்கடையின் உள்ளமைப்பை அறிய நமக்குத் தமிழில் கிடைத்திருக்கும் சிறந்த சான்று எந்த அறிக்கையும் அன்று, ப. சிங்காரத்தின் இரு நாவல்களே. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் மேடான் சென்று கடையில் வேலை பார்த்து, போருக்குப்பின் 1946இல் தமிழகம் மீண்டு, மதுரையில் நாளிதழ்ப் பணியில் வாழ்ந்து 1997இல் மறைந்தவர் அவர். ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும், ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் நூலாயின. பின்னதைப் போற்றுவோர் இன்று பலர். அதன் மொழியும் போர்க்காட்சிகளும் போற்றுதற்கு உரியவையே. முன்னதை ஒரு காதற்கதை என்று தள்ளிவிடும் வழக்கம் மட்டும் எனக்கு உடன்பாடன்று.

கதை சுருக்கமானது. பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளையிடம் வேலை பார்த்த செல்லையா, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்து திரும்புகிறான். பிள்ளையின் மகள் மரகதமும் அவனும் ஒருவரை ஒருவர் விரும்புகின்றனர். தந்தை இசையவில்லை. துப்பாக்கி ஏந்தியவன் கடைக்கு ஆகான் என்பது அவர் துணிபு. மரகதம் வேறொருவனுக்கு உரியவளாகிறாள். திறனாய்வாளர் பலர் இதைத் தந்தையின் பிடிவாதம் என்றும், காதலரின் தியாகம் என்றும் எழுதி முடித்துவிடுகின்றனர்.

சற்று நின்று பார்ப்போம். செல்லையாவுக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். நேர்மை இல்லையா? மிகுதியாக உண்டு. உழைப்புக்கு அஞ்சியவனா? அதுவும் இல்லை. பின் எதற்காக அவனை மறுக்கிறார்? நான் மேலே சொன்ன அமைப்பு முழுவதும் ஒருவகை மனிதனை வேண்டி நிற்கிறது. பெட்டியடியில் பையனாக அமர்ந்து, அடுத்தாளாக நிமிர்ந்து, மேலாளாகி, பிறர் வகுத்த வரிசையிலேயே தன் வாழ்வை எழுதிக்கொள்ளும் மனிதன் அவன். ஆணையிடுவார் இல்லாத இடத்தில் எல்லாரும் ஒரே வகையாக நடப்பர் என்னும் உறுதிதான் முதலீடு. போர்க்களத்தில் ஆணையிட்டும் ஆணைக்கு அடங்கியும் பழகித் திரும்பிய செல்லையா கெட்டவனாகிவிடவில்லை; கணிக்க முடியாதவனாகிவிட்டான். பிள்ளை கதையின் கொடியவர் அல்லர். தம் கடையின் அமைப்பைத் தம்மையறியாமலே முழுவதும் உணர்ந்தவர் அவர். அதனாலேயே அவர் முடிவு நம்மைத் துன்புறுத்துகிறது. மகள்மேல் அன்பில்லாத தந்தை மறுத்திருந்தால் இக்கதை நாடகமாகி மறந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கடை முதலாளி செட்டியார் அல்லர், பிள்ளை. அவர் கடையின் ஒழுங்கோ அப்படியே நகரத்தார் கடையின் ஒழுங்கு. ஒரு சமூகம் வகுத்த முறை, அதனிடம் தொழில் கற்றோர் வழியாகச் சமூகத்தின் எல்லையைக் கடந்து நின்றதைச் சிங்காரம் ஒரு பெயரிலேயே காட்டிவிடுகிறார். எழுதும் முறையே இணைத்தது என்னும் என் கருத்துக்கு இதைவிடத் துணை வேண்டியதில்லை. சாதி ஒன்றே காரணமாயின் பிள்ளையின் கடை தோன்றியிருக்க வழியில்லை.

சிங்காரத்திடம் குறை இல்லையா என்றால், உண்டு. மரகதத்துக்கு மனம் இருக்கிறது, வாய் இல்லை. அதைவிடப் பெரிய குறை, கடன் வாங்கியவன் இந்நாவல்களில் பெரும்பாலும் வாயிற்படியோடு நின்றுவிடுகிறான். மலாய் உழவன், சீனச் சுரங்கக்காரன், தோட்டத்தில் பால்வெட்டும் தமிழன் ஆகியோர் பேரேட்டில் ஒரு பெயரும் ஒரு தொகையும். பேரேடு அவர்களை எப்படிக் கண்டதோ அப்படியே நாவலாசிரியரும் காண்கிறார். கடைக்குள்ளிருந்து எழுதிய உண்மை அது எனலாம். ஆயின் நான் மேலே பர்மாவைப் பற்றிச் சொன்னது இங்கே நினைவுக்கு வரவேண்டும். இணைந்த நிறுவனங்கள் தம்முள் எவ்வளவு திறம்பட இணைந்தாலும், வரைபடத்தின் விளிம்புக்கு அப்பால் நிற்பவன் என்ன நினைக்கிறான் என்று எழுதிவைக்க அவற்றுக்கு ஓர் ஏடு இல்லை. 1951இல் மலாயாவில் வட்டித்தொழிற் சட்டம் வந்து, உரிமமும் எழுத்து ஒப்பந்தமும் வட்டிக்கு வரம்பும் கட்டாயமானபோது பல கடைக்காரர் திகைத்தனர் என்றால், காரணம் அவ்வேடு இல்லாமையே.

வட்டிக்கடைகளின் காலம் கழிந்தது, கோயில் நின்றது. தண்ணீர்மலையடியில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்கு, பினாங்கு வீதிக் கோயில்வீட்டிலிருந்து தைப்பூசத்தில் வெள்ளித்தேர் செல்லும் வழக்கம் 1894இல் அத்தேர் வந்த காலந்தொட்டது. 2017இல் பினாங்கு இந்து அறநிலைய வாரியத்தின் சார்பில் தங்கத்தேர் ஒன்றும் அவ்விழாவில் புறப்பட்டது. அதன் முடிவிடம் மலைமேலுள்ள பாலதண்டாயுதபாணி கோயில். விழா ஒன்று, தேர் இரண்டு, நடத்தும் அமைப்புகள் இரண்டு, ஒன்று ஒரு சமூகத்தின் அறக்கட்டளை, மற்றொன்று சட்டத்தால் அமைந்த வாரியம். தண்ணீர்ப்பந்தல் போடுவோரும் காவலரும் நகராண்மைக்காரரும் வேறு. அந்நாளில் எழுந்த வாதங்களில் எத்தரப்பு முறையானது என்று நான் ஆராயப் புகவில்லை. அதை ஆராய்ந்தவர் ஏற்கெனவே மிகுதி. யான் கேட்பது வேறு. எந்தத் தேர் எப்போது எந்தச் சந்தியைக் கடக்கும், தேங்காய் உடைத்த தெருவைப் பெருக்கும் செலவு யாருடையது, வழியில் காத்திருக்கும் அடியார்க்கு யார் அறிவிப்பது என்பவற்றை இரு தரப்பாரும் ஒரே முறையில் எழுதிவைத்துப் படிக்கும் ஏடு ஒன்று உண்டா? மொகல் தெருவில் போட்டியாளர் கூடி ஒரே எண்ணை ஒப்புக்கொண்டனரே, அவர்கள் ஒருவரை ஒருவர் நேசித்ததனாலா ஒப்புக்கொண்டனர்?

மொழிபெயர்ப்பாளராகிய இளைஞர்க்கு நான் சொன்ன சொல்லைக் கூறிவிடுகிறேன். ‘கட்டடக்கலை’ வேண்டா, ‘நிறுவன ஒழுங்கமைப்பு’ என்று வையுங்கள் என்றேன். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஓசை தட்டையாக இருக்கிறதாம். இருக்கட்டும். ஆனால் தம் நூலின் கணக்கியல் இயலில் இருப்புநிலைக் குறிப்பு என்று எழுதியிருந்ததற்கு அருகில் ஐந்தொகை என்பதையும் சேர்க்க இசைந்தார். அடத்தி, நடப்பு, தவணை, மகமை என்பவை எவ்வகராதியில் எப்பொருளில் உள்ளன என்று பார்த்துவருவதாகவும் கூறிச் சென்றார்.

அவர் சென்றபின், வீட்டுக்குரிய நண்பர் தம் பாட்டனார் கடைப் பேரேடு ஒன்றை உள்ளிருந்து எடுத்துவந்தார். சிவப்புத் துணி ஒட்டிய நீண்ட ஏடு, முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி, ஓரங்களில் செல்லரித்திருந்தது. நாங்கள் எல்லாரும் தமிழாசிரியர். எழுத்தைப் படித்தோம், எண்ணில் நின்றுவிட்டோம். பத்து, நூறு, ஆயிரத்துக்குரிய தமிழ்க் குறிகளை ஒருவாறு கண்டுகொண்டபோதிலும், வீசத்துக்குக் கீழ் இறங்கிய கீழ்வாய்க் கணக்கின் குறிகள் எவர்க்கும் தெரியவில்லை. அடுத்த வீட்டில் எண்பது கடந்த முதியவர் ஒருவர் இருக்கிறார். சிறு வயதில் பெட்டியடியில் இருந்தவர். அவரைக் கைபிடித்து அழைத்துவந்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் வரியைத் தொடர்ந்து, மூச்சுவிடாமல் படித்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. “ஐயா, இது தேறாத கடன், புது ஆளு ஒத்துக்கல. பாருங்க, தனியா எழுதியிருக்கு” என்றார். பிறகு பக்கத்தைப் புரட்டினார்.